எண்பத்தாறு ஜிபி

லேப்டாப்பில் செருகியிருந்த ஹார்டு டிரைவின் மேல் அம்பை வைத்துத் தட்டிப் பார்த்தால் முந்நூற்றுப் பத்து ஜிபி நிரம்பியிருக்கிறது என்று காட்டியது. உள்ளே போய், கண்ணுக்குத் தெரிந்த ஃபோல்டர்கள் எல்லாவற்றையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்துப் பார்த்தால் இருநூற்று இருபத்து நான்குதான் வந்தது. பாப்பாவின் தடுப்பூசி அட்டைக்குப் பின்னால் பென்சிலால் கழித்துப் பார்த்தேன். எண்பத்தாறு. நான் கணிதம் படித்தவள், பி.எட். வரை முடித்தவள். அந்தச் சின்னக் கழித்தலை அன்று காலை மட்டும் நான்கு தடவை போட்டேன்.

அது ஒரு திங்கட்கிழமை. வியாழக்கிழமைக்குள் அந்த எண்பத்தாறு எங்கே போனது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

அதற்கு முந்தைய வாரம் பாப்பாவைத் தருமபுரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற மேடத்திடம் காட்டியிருந்தோம். பாப்பாவுக்கு அப்போது இரண்டரை வயது. அவள் வயதுப் பிள்ளைகள் கதை சொல்கின்றன, சண்டை போடுகின்றன. இவள் என் புடவையைப் பிடித்து இழுத்து, வேண்டியதைக் கையால் காட்டுவாள். அவசரமென்றால் ஒரு சத்தம், அவ்வளவுதான். அந்த மேடம் பாப்பாவோடு தரையில் உட்கார்ந்து, பந்தை உருட்டி, மணியடித்து, அரைமணி நேரம் விளையாடினார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"முன்ன பேசிக்கிட்டிருந்து நின்னு போச்சுங்களாம்மா, இல்ல மொதல்லேருந்தே இவ்ளோதானுங்களா?"

"பேசிக்கிட்டிருந்தா மேடம். காக்கா, கோழி, அப்பா, வா, தா… ஒண்ணரை வயசுலயே பத்துப் பன்னெண்டு வார்த்தை சொல்லுவா." சொல்லி முடிக்கும்போதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "இல்லீங்க… சரியாத் தெரியலீங்க."

"ஞாபகத்துல சொல்ல வேணாம். போன்ல எடுத்த வீடியோ இருக்குமில்ல? ரெண்டு வயசுக்கு முந்தி எடுத்தது. அடுத்த வியாழக்கெழமை கொண்டாங்க. ரெண்டுக்கும் நாம போற வழி வேறம்மா." நான் எழுந்தபோது, "போன்ல போயி எதையும் தேடாதீங்க" என்றும் சொன்னார்.

பஸ் ஸ்டாண்டு வந்து சேர்வதற்குள் தேடிவிட்டேன். தேடியிருக்கக் கூடாது. பேசிய பிள்ளை பேச்சை விடுவது வேறு, பேச்சு தாமதமாக வருவது வேறு என்று அதில் பத்திபத்தியாக எழுதியிருந்தது. பஸ்ஸில் பாப்பா என் மடியில் தூங்கினாள். அவள் பேசியிருந்தாள் என்பதே என் நெஞ்சில் இருந்த ஒரே தைரியம். அதுதான் பயப்பட வேண்டிய விஷயம் என்றால் நான் எதை வேண்டிக்கொள்வது? என் ஞாபகம் உண்மையாக இருக்க வேண்டும் என்றா, பொய்யாக இருக்க வேண்டும் என்றா?

மேடத்திடம் சொல்லாத ஒன்றும் இருந்தது. போன வருடம் ஆடிப் பதினெட்டுக்கு என் கணவரின் அக்கா குடும்பத்தோடு வந்திருந்தார். சாப்பாடு முடிந்ததும் டிரைவை டிவியில் செருகிப் பாப்பாவின் வீடியோக்களைப் போட்டார்கள். வாசலில் கோழியைக் கூப்பிடுகிற வீடியோ ஒன்று. அண்ணி அதை இரண்டு தடவை போடச் சொல்லிப் பார்த்தார்.

"என்னா வாயி, என்னா வாயி! இது பேசற பேச்சுக்கு வக்கீலுக்குத்தான் படிக்க வெக்கணும்" என்று பாப்பாவின் கன்னத்தைக் கிள்ளினார். என்னைப் பார்த்து, "நீ எங்க வூட்டுக்கு வந்து நாலு வருசத்துல நாலு வார்த்தை பேசியிருப்பியா? உனக்கு இப்பிடி ஒரு வாயாடியா!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்று சாயங்காலமே பாப்பாவுக்குக் காய்ச்சல். மூன்று நாள் அடித்தது. என் கணவர், "வைரலு. ஊரெல்லாம் இருக்குது. எங்கக்கா கண்ணுக்கு அவ்ளோ பவர் இருந்தா மொதல்ல அவ மாமியாவத்தான் பார்த்திருப்பா" என்றார். அவர் வேலைக்குக் கிளம்பிப் போனபின், கதவைச் சாத்திக்கொண்டு உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டேன். படித்தவள் செய்கிற வேலையா என்று என்னையே திட்டிக்கொண்டுதான் போட்டேன். காய்ச்சல் போய்விட்டது. ஆனால் அதற்குப் பிறகுதான் பாப்பா பேசுவது குறைந்தது என்று எனக்குள் ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கணக்கை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது அந்த வீடியோக்களையே காணவில்லை. என் போன் சின்னது. மாதம் ஒருமுறை என் கணவர் அதிலிருப்பதையெல்லாம் டிரைவுக்கு மாற்றிவிட்டு, போனில் அழித்துவிடுவார். 'பாப்பா' என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. திறந்தால், இரண்டாவது பிறந்தநாளுக்கு அப்புறம் எடுத்தது மட்டும்தான் உள்ளே இருந்தது. முந்தையது எதுவும் இல்லை. பிறந்த அன்று எடுத்தது இல்லை, மொட்டை அடித்தது இல்லை, முதல் தடவை நடந்தது இல்லை.

நான் பயந்ததற்குக் காரணம் இருந்தது. சித்திரை மாதத்தில் நான்தான் அந்த டிரைவைச் சுத்தம் செய்தேன். கல்யாண வீடியோவே மூன்று பிரதி இருந்தது. 'நியூ ஃபோல்டர்', அதற்குள் இன்னொரு 'நியூ ஃபோல்டர்' என்று கிடந்தவற்றை, ஒன்றிரண்டைத் திறந்து பார்த்துவிட்டு, மீதியைப் பார்க்காமலே அழித்தேன். கம்ப்யூட்டரின் குப்பைத்தொட்டிக்கும் போகாதபடி ஷிஃப்ட் பொத்தானை அழுத்திக்கொண்டு அழித்தேன். அப்படிச் செய்தால்தான் இடம் உடனே கிடைக்கும் என்று கல்லூரியில் ஒருத்தி சொல்லிக் கொடுத்திருந்தாள். பாப்பாவின் முதல் இரண்டு வருடமும் அந்த ஃபோல்டர்களில் ஒன்றில் இருந்திருந்தால்?

அதனால்தான் அந்த எண்பத்தாறைப் பிடித்துக்கொண்டேன். அழித்திருந்தால் இடம் காலியாகியிருக்கும். இடம் காலியாகவில்லை. ஏதோ ஒன்று உள்ளே உட்கார்ந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

கணவரிடம் கேட்டிருக்கலாம். அவர் ஓசூரில் கம்பெனி வேலை, சனிக்கிழமைதான் வருவார். ஷிஃப்டு முடியும்வரை போன் லாக்கரில் இருக்கும். ஆனால் நான் கேட்காததற்கு அது காரணமில்லை. கேட்டால், "நீதானே சுத்தம் பண்ணின?" என்பார். அந்தக் கேள்வி அவர் வாயிலிருந்து வந்துவிட்டால் அது உண்மையாகிவிடும் என்று பயந்தேன்.

முதலில் டிரைவே பழுதோ என்று பார்த்தேன். அட்டைப்பெட்டியில் ஒரு டிபி என்று போட்டிருந்தது. கம்ப்யூட்டர் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றுதான் காட்டியது. ஏமாற்றிவிட்டார்களோ என்று பதறினேன். பிறகு உட்கார்ந்து யோசித்ததில் விளங்கியது: விற்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், கம்ப்யூட்டர் ஆயிரத்து இருபத்து நான்காக எண்ணுகிறது. வகுத்துப் பார்த்தேன், சரியாக வந்தது. அந்த ஒரு நிமிடம் மட்டும் மூச்சு சீராக வந்தது. ஆனால் அது என் எண்பத்தாறு இல்லை.

குப்பைத்தொட்டியைத் திறந்து பார்த்தேன். காலி.

டிரைவைக் கழற்றி மறுபடி செருகினேன். 'இதில் பிழை இருக்கலாம், சரிபார்த்துத் திருத்தட்டுமா?' என்று ஒரு கட்டம் வந்து நின்றது. எங்கள் லேப்டாப், நான் பிளஸ் டூ படித்தபோது பள்ளியில் இலவசமாகக் கொடுத்தது. பேட்டரி செத்து நாலு வருடமாகிறது. வயர் செருகியிருந்தால்தான் உயிர். திருத்திக்கொண்டிருக்கும்போது கரண்டு போனால் என்ன ஆகும்? திருத்துகிறேன் என்று மிச்சத்தையும் அழித்துவிட்டால்? விரலைத் தூக்கிக்கொண்டே இருந்துவிட்டு, வேண்டாம் என்பதை அமுக்கினேன். அமுக்கிய உடனே, அதைச் செய்திருக்க வேண்டுமோ என்று தோன்றியது.

பாப்பா பக்கத்தில் வந்து வயரைப் பிடித்து இழுத்தாள். நான் கத்திவிட்டேன். அவள் அழவில்லை. கையை விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை டிரைவை ஒரு துண்டில் சுற்றி, மதியச் சோற்றுப் பைக்குள் வைத்து, பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு, இண்டூர் பக்கமிருந்து வரும் பஸ்ஸில் தருமபுரிக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிற கடை ஒன்று இருக்கிறது. கடைக்காரர் ஒரு லேப்டாப்பைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். முந்நூற்றுப் பத்து, இருநூற்று இருபத்து நான்கு, ஷிஃப்ட் பொத்தான், நியூ ஃபோல்டர். அவர் நிமிராமலே கேட்டார்.

"அழிச்சப்பறம் அதுல புதுசா எதுனா ஏத்துனீங்களா?"

"பாப்பா வீடியோ… அப்பறம் எடுத்ததுங்க."

"ஏத்தக் கூடாதுங்க. அது மேல இது உக்காந்துக்கும். சரி, வெச்சிட்டுப் போங்க. ரெக்கவரி போட்டுப் பாக்கறேன். ரெண்டு நாளாவும்."

வைத்துவிட்டு வர மனம் வரவில்லை. அதில் பாப்பாவைக் குளிப்பாட்டுகிற வீடியோ இருக்கும். நான் பால் கொடுக்கும்போது அவர் விளையாட்டாக எடுத்ததும் இருக்கும். முகம் தெரியாத கடையில், முகம் தெரியாத யாரோ அதைத் திறந்து பார்ப்பதை நினைத்தால் உடம்பு கூசியது.

"இங்கியே இப்பவே செருகிப் பாக்க முடியாதுங்களா?" என்றேன். அவர் மேசைமேல் இருந்த கம்ப்யூட்டரை நோக்கிக் கை நீட்டினார். உடனே எனக்கு வேறொரு பயம். "அதுல நெறைய பேரு பென்டிரைவ் செருகியிருப்பாங்களே… வைரஸ் இருக்குங்களா?"

அவர் இப்போதுதான் நிமிர்ந்தார். "வெச்சிட்டும் போக மாட்டீங்க, செருகவும் வுட மாட்டீங்க. நான் அதைக் கையில வெச்சு ஜோசியம் பாக்கட்டுங்களா?"

கடையில் நின்றிருந்த இன்னொருவர் சிரித்தார். என் காது சூடானது. டிரைவைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரும்பினேன். அவருக்கே பாவமாகப் போயிருக்க வேண்டும்.

"இருங்கம்மா. இடம் கொறையல, ஃபோல்டரைத்தான் காணோமுன்னு சொன்னீங்கல்ல? ஹிடன் போட்டு வெச்சிருக்குதான்னு பாத்தீங்களா?"

"அப்பிடீன்னா?"

"இருக்கும், ஆனா கண்ணுக்குக் காட்டாது. வைரஸும் பண்ணும், வூட்டுல ஆளுங்களும் பண்ணுவாங்க." ஒரு பழைய ரசீதின் பின்பக்கத்தில், எங்கே போய் எந்தக் கட்டத்தில் டிக் செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். எவ்வளவு தரணும் என்று கேட்டேன். "போங்க, பாப்பா வெயில்ல நிக்குது" என்றார்.

வீட்டுக்கு வந்தால் கரண்டு இல்லை. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலேயே போயிருந்ததாம். பாப்பாவுக்குச் சோறு ஊட்டினேன். துணி மடித்தேன். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தேன். மூன்று மணிக்கு மேல் ஃபேன் சுற்ற ஆரம்பித்ததும் ஓடிப்போய் லேப்டாப்பைப் போட்டேன்.

ரசீதைப் பார்த்துப் பார்த்து டிக் செய்தேன். திரையில் இருந்த ஃபோல்டர்களுக்கு நடுவே மூன்று ஃபோல்டர்கள் புதிதாக வந்தன. மற்றவை போல அடர்த்தியாக இல்லை. தண்ணீர் கலந்த பால் மாதிரி, வெளிறிப்போய். ஒன்று குப்பைத்தொட்டி. இன்னொன்று ஏதோ சிஸ்டம் என்று இருந்தது. தொட்டதும் அனுமதி இல்லை என்று விரட்டியது. மூன்றாவதன் பெயர் 'ஈபி பில்'.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கரண்டு பில்லா! இதற்கா இரண்டு நாள் அலைந்தேன்? மூடிவிடப் போனேன். அப்போதுதான் தோன்றியது: எங்கள் வீட்டுக் கரண்டு பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போனில் குறுஞ்செய்தியாக வரும். அதை யார் டிரைவில் ஏற்றுவார்கள்? ஏற்றினாலும் எதற்கு மறைப்பார்கள்? அதன் மேல் அம்பை வைத்துத் தட்டினேன். எண் ஏறிக்கொண்டே போனது. பத்து, முப்பத்தைந்து, அறுபது. எண்பத்தாறில் நின்றது.

திறந்தால், சின்னச் சின்னச் சதுரங்களாகப் பாப்பா. ஆஸ்பத்திரித் துணியில் சுற்றிய பாப்பா. மொட்டையும் சந்தனமுமாகப் பாப்பா. நூற்றுக்கணக்கில்.

நான் உடனே எதையும் ஓட்டிப் பார்க்கவில்லை. இருக்கிறது என்று தெரிந்ததும் பழைய பயம் திரும்பி வந்தது. அதிலிருந்து அவள் பேசினால் என்ன செய்வது?

ஷிஃப்டு முடிகிற நேரம். அவருக்குப் போன் போட்டேன்.

"கரண்டு பில்லுன்னு ஒண்ணு இருக்குதே, அது என்னாங்க?"

அந்தப் பக்கம் ஆட்கள் பேசிக்கொண்டு நடக்கிற சத்தம் கேட்டது. "பாத்துட்டியா?" என்றார்.

"எதுக்குங்க அப்பிடி வெச்சீங்க? நான் ரெண்டு நாளா செத்துப் பொழைக்கறேன்."

"அன்னிக்கிக் காய்ச்சல் வந்துச்சில்ல… ஆடிக்கு."

"வைரலுன்னீங்க?"

"வைரலுதான்." என்றார். "இருந்தாலும். வூட்டுக்கு யாரு வந்தாலும் டிவில போட்டுப் பாக்கறாங்க. பாப்பான்னு பேரு இருந்தா தொறப்பாங்க. கரண்டு பில்லுன்னு இருந்தா எவன் தொறப்பான்? ரெண்டாவது பொறந்தநாளுக்கு ஆளுங்க வருவாங்கன்னு, அதுவரைக்கும் எடுத்ததையெல்லாம் அந்தப் பேருல போட்டேன். அதுக்கும் மேல இருக்கட்டும்னு, இங்க கூட வேலை செய்யறவன்கிட்ட கேட்டு ஹிடனும் போட்டேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"நீ படிச்சவ. சிரிப்பே."

எங்கள் பக்கத்தில், பிள்ளை தங்காத வீட்டில் அடுத்துப் பிறப்பதற்குக் குப்பை என்று பெயர் வைப்பார்கள். யாருக்கும் வேண்டாத பெயராக இருந்தால் எதுவும் தொடாது என்று ஒரு நம்பிக்கை. என் கணவர் அதை ஒரு ஃபோல்டருக்குச் செய்திருந்தார். நான் அடுப்பில் போட்ட உப்பையும் மிளகாயையும் பற்றி அவரிடம் சொல்லியதே இல்லை. அப்போதும் சொல்லவில்லை. "சரி, போனை வைங்க" என்றேன்.

புதன்கிழமை காலை, பாப்பா எழுவதற்கு முன்னால், கோழி வீடியோவை ஓட்டினேன். என் ஞாபகத்தில் அது தெளிவாக இருந்தது. பாப்பா வாசலில் நின்று கையை ஆட்டி, "கோழி, வா" என்பாள்.

வீடியோவில் அப்படி இல்லை. "கோழியக் கூப்புடு. கோழி வா… கோழி வா… சொல்லு சாமி, கோழி வா… அதோ பாரு கோழி… வா சொல்லு" என்று ஒரே குரல் மூச்சுவிடாமல் போய்க்கொண்டிருக்கிறது. அது நான். அந்தச் சத்தத்துக்கு நடுவில் ஒரே ஒரு இடத்தில் பாப்பா, "வா" என்கிறாள். உடனே நான், "அய்யோ, கோழி வான்னு சொல்லிட்டா!" என்று கத்துகிறேன். கோழி ஓடிவிடுகிறது.

எட்டுத் தடவை ஓட்டினேன். எட்டுத் தடவையும் ஒரு 'வா'தான்.

மீதியையும் பார்த்தேன். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு கோடு போட்டு வந்தேன். வா. தா. ப்பா. காக்காவுக்குக் 'கா'. அவ்வளவுதான். பத்துப் பன்னிரண்டு என்று மேடத்திடம் சொன்னேனே, மற்றவை எல்லாம் என்னுடையவை. நான் சொல்லி, நானே அவள் சொன்னதாக வைத்துக்கொண்டவை. யாரிடமும் அதிகம் பேசாதவள் என்று பெயரெடுத்த நான், ஒன்றரை வருடம் அந்தப் பிள்ளையிடம் இத்தனை பேசியிருக்கிறேன்.

பாப்பா எழுந்து வந்து என் புடவையைப் பிடித்து இழுத்தாள். "வா" என்று ஒரு சத்தம். அரைகுறையாக, மூக்கால். சத்தம் என்றுதான் நான் அதை இத்தனை நாளும் எண்ணியிருந்தேன். வீடியோவில் இருந்ததும் அதே சத்தம்தான்.

வியாழக்கிழமை, நான் போனில் ஏற்றிக்கொண்டு போன ஆறு வீடியோக்களை மேடம் பார்த்தார். ஒவ்வொன்றையும் நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இந்த நாலும் இப்பவும் சொல்றாளா?"

"சொல்றாளுங்க. சத்தமாட்டம் வரும்… எண்ணிப் பாத்தேன். நாலும் இருக்குதுங்க."

"அப்ப இருந்தது எதுவும் போனதாத் தெரியலம்மா. புதுசா சேரல. அது எதுனாலன்னு பாக்கணும். காதையும் ஒரு தடவ டெஸ்ட் பண்ணிடலாம்." பிறகு லேசாகச் சிரித்தார். "கோவிச்சுக்காதீங்க. வீடியோ பூரா நீங்களே பேசறீங்க. கேள்வியும் நீங்க, பதிலும் நீங்க. அவளை ஒண்ணு கேட்டா, மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. அதுவரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது."

"என்னாலதானுங்களா மேடம் இப்பிடி?"

"இதுக்குத்தான் தேட வேணாமுன்னு சொன்னேன்" என்றார். உங்களால் இல்லை என்று அவர் சொல்லியிருக்கலாம். சொன்னாரோ என்னவோ. காது டெஸ்டுக்குத் தேதி வாங்குகிற அவசரத்தில் நான் சரியாகக் கேட்கவில்லை. பஸ்ஸில் வரும்போது, அதைத் திரும்பப் போய்க் கேட்டுவிட்டு வந்திருக்கலாமே என்று இண்டூர் வரைக்கும் நினைத்தேன்.

அந்த ஃபோல்டரின் மறைப்பை எடுத்துவிட்டேன். இன்னொரு இடத்தில் ஒரு பிரதியும் போட்டு வைத்தேன். பெயரை மட்டும் மாற்றவில்லை. அவரும் கேட்கவில்லை.

பத்து எண்ணுவது நான் நினைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. மூன்றுக்கு மேல் போவதற்குள் நாக்கு துடிக்கும். ஐந்தில் அவள் வேறு பக்கம் திரும்பிவிட்டால், தோற்றுவிட்டேன் என்று இருக்கும். பல நாள் பத்தும் எண்ணி முடித்து, ஒன்றும் வராமல், மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவேன். காது டெஸ்டில் குறையில்லை என்று வந்தது. அந்தக் காகிதத்தைத் தடுப்பூசி அட்டைக்குள் வைத்திருக்கிறேன். சில நாள் எடுத்துப் படித்துப் பார்ப்பேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை, வாழைப்பழத்தை உரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, "என்ன வேணும்?" என்றேன். பாப்பா கையை நீட்டினாள். நான் எண்ணினேன். ஆறில், "தா" என்றாள். நான் தரவில்லை. எண்ணிக்கொண்டே இருந்தேன். ஒன்பதில் உதட்டை இறுக்கி மூடி, திறந்து, மறுபடி மூடி, "பம்" என்றாள்.

பழத்தைக் கொடுத்தேன். போன் உள்ளறையில் சார்ஜில் கிடந்தது, எடுக்கவில்லை. சாயங்காலம் அவரிடம் போனில் சொன்னதும், "வீடியோ எடுத்தியா?" என்றார்.

"இல்லீங்க."

"பழமுன்னுதான் சொன்னாளா?"

உதடு ஒட்டியதால் தானாக வந்த சத்தமாகவும் இருக்கலாம். அந்த அட்டையை எடுத்து, எண்பத்தாறு என்று நான்கு தடவை கழித்துப் போட்டிருந்ததற்குக் கீழே, அதே பென்சிலால் 'பம்' என்று எழுதினேன். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.